இருந்து சாப்பிடுறீங்களோ, பார்சலோ?

யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக்கடைகளில் முதலில் வரும் கேள்வி இதுதான். எங்களில் பெரும்பாலானோர் "பார்சல்" என்று பதில் சொல்லியே வளர்ந்தவர்கள். கடைச்சாப்பாடு என்றால் அம்மாவுக்குச் சுகமில்லாத நாள், ஆஸ்பத்திரியில் ஆரோ படுத்திருக்கிற நாள், வீடு மாறுகிற நாள். இடியப்பப் பார்சலைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு, சொதிப் பை உடையாமல் வீடு வந்து சேர வேண்டும். பிறகு அதை வீட்டுக் கோப்பையில் போட்டு, வீட்டுச் சாப்பாடு மாதிரியே சாப்பிட வேண்டும். கடைக்குள் இருந்து, அதுவும் சும்மா ஆசைக்கு, ஊர்ச்சனம் பார்க்கச் சாப்பிட்டால், "ஏன், வீட்டில அடுப்பு எரியேல்லையோ?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லத்தான் இதை எழுதுகிறோம். போன மாதம் நாங்கள் ஆறு பேர், ஆளுக்கு 6000 ரூபா போட்டு, ஒரு கிழமை முழுக்க நாளுக்கு ஒரு நேரமாவது கடையில் இருந்து சாப்பிடுவது என்று முடிவெடுத்தோம். சட்டம் ஒன்றே ஒன்று: பார்சல் இல்லை. (சாப்பாடு ஆறும்வரை படம் எடுக்கக்கூடாது என்று இரண்டாவது சட்டமும் இருந்தது. அது முதல் நாளே உடைந்துபோனது.) எந்தக் கடையில் உப்புக் கூட, எந்தக் கடையில் புளி குறைய என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல யூரியூப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் சொல்ல வருவது வேறு. அது மிகவும் சந்தோசமான கிழமை. அந்தச் சந்தோசம் ஆருக்குக் கிடைக்கிறது, ஆருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதை ஒரு பொது விசயமாக நாங்கள் கதைக்க வேண்டும்.

முதலில் சந்தோசம். பின்னேரம் நாலரை மணிக்கு ஒரு தேத்தண்ணிக்கடையில் போய் இருக்கிறீர்கள். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தட்டம் வந்து மேசையில் இறங்குகிறது. றோல்ஸ், பற்றிஸ், உழுந்து வடை, கடலை வடை, மாலுபணிஸ், சில நேரம் ஒரு முட்டை றொட்டி. தட்டம் நிறைய, ஆறு பேருக்கே கூடுதலாக இருக்கும். வேண்டியதை எடுத்துச் சாப்பிடலாம். எழும்பும்போது ஒருவர் வந்து தட்டத்தை ஒருதரம் பார்ப்பார். எண்ணுகிற மாதிரியே தெரியாது. "அண்ணை, ரெண்டு றோல்ஸ், மூண்டு வடை, ஆறு பிளேன்ரீ" என்று நாங்கள் சொல்ல, அவர் காசுமேசைக்குக் கூட்டுத்தொகையைக் கூப்பிட்டுச் சொல்வார். பில் இல்லை, துண்டு இல்லை. நாங்கள் சொன்னதை அவர் நம்புகிறார். அவர் சொன்ன கணக்கை நாங்கள் நம்புகிறோம். இந்த நாட்டில் ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாமல் நம்புகிற இடம் இன்னும் எத்தனை இருக்கிறது?

இந்தத் தட்டமுறையைச் சுகாதாரக் கேடு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கை பட்ட றோல்ஸ் அடுத்த மேசைக்குப் போகிறது என்பது உண்மைதான். ஒரு இடுக்கி வைத்தால் அந்தப் பிரச்சினை முடியும். தட்டத்தையே நிப்பாட்டி, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வரிசையில் நின்று காசு கட்டி எடுக்கச் சொல்லும் கடைகளில் நாங்கள் இரண்டு நாள் சாப்பிட்டோம். துப்பரவாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே ஒருதரும் ஒருதரோடும் கதைக்கவில்லை. எங்கள் வாக்கு இடுக்கியோடு சேர்ந்த தட்டத்துக்கே.

வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை என்பதால் மலாயன் கபேக்குப் போனோம். நகரத்துப் பழைய சைவக் கடை. மாபிள் மேசை, சுத்துகிற விசிறி, கண்ணாடி அலுமாரி, சுவரில் யோகர் சுவாமி படம். எங்கள் அப்பாமார் பெடியளாக இருந்த காலத்தில் இருந்ததுபோலவே இப்பவும் இருக்கிறது. வாழையிலையில் சோறு. பருப்பும் கத்தரிக்காயும் முதலில் வந்தன. பிறகு சோற்றுக்கு நடுவில் குழி தோண்டச் சொல்வதுபோலக் குழம்பு வாளியோடு ஒருவர் வந்து நின்றார். "போதும்" என்று கையை இலைக்கு மேலே நீட்டினாலும் இன்னொரு கரண்டி விழும். அந்த மேலதிகக் கரண்டிக்கு எந்தக் கடையிலும் விலை போடுவதில்லை. அது அவர் கையின் பழக்கம். சாப்பிட்டு முடிந்ததும் இலையை நாங்களே மடித்துக்கொண்டு போய், கை கழுவும் இடத்தில் சுவரில் இருக்கிற வாய்க்குள் தள்ளிவிட வேண்டும். எங்களில் ஒருத்திக்கு அது சோற்றைவிடப் பிடித்திருந்தது. தபால் போடுற மாதிரி இருக்கு என்றாள். எச்சில் இலையை எடுக்க இன்னொரு ஆள் குனிய வேண்டியதில்லை என்பது எங்களுக்கு அதைவிடப் பெரிய விசயமாகப் பட்டது.

ஏனென்றால், இந்த ஊரில் ஆர் இருக்கலாம், ஆர் நிற்க வேண்டும், ஆர் எடுத்துக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் தேத்தண்ணிக்கடைக்குள்தான் பட்டவர்த்தனமாக எழுதப்பட்டிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கடைக்கு வெளியே நின்று போத்தலிலோ தகரப்பேணியிலோ தேத்தண்ணி வாங்கிக் குடிக்க வேண்டியிருந்தது. வாங்கில் இருக்க ஏலாது. மற்றவர்கள் குடிக்கும் கிளாசைத் தொட ஏலாது. 1957 இல், 21 ஆம் இலக்கச் சட்டமாக, சாதியின் பேரால் கடைகளிலும் சாப்பாட்டுக்கடைகளிலும் ஆளைத் தடுப்பது குற்றம் என்று ஆக்கப்பட்டது. சட்டம் வந்தது, வாங்கு வரவில்லை. 1966 ஒக்ரோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் போனார்கள். அதன் பின்னால் வந்த தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் போராட்டங்களில் கோயில் வாசல்களோடு தேத்தண்ணிக்கடை வாசல்களும் இருந்தன. அடி வாங்கினார்கள், உயிரும் போனது. கே. டானியலின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் எங்கள் வகுப்புகளில் இதை ஒருதரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கோயில் நுழைவைப் பற்றியாவது எங்கேயோ கேள்விப்பட்டிருந்தோம். தேத்தண்ணிக்காக மனிதர் அடிபட்டதைத் தேடிப் படித்துத்தான் அறிந்தோம்.

ஆகவே "கடையில இருந்து சாப்பிடுறது என்ன பெரிய விசயமோ?" என்று ஆராவது கேட்டால், ஓம், பெரிய விசயம்தான். ஒரு வாங்கில் ஆர் பக்கத்தில் ஆர் என்று பார்க்காமல் இருந்து, ஒரே கிளாசில் ஆறு பேருக்கும் பிளேன்ரீ வருவதற்கு ஆட்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். வீட்டுச் சாப்பாடுதான் சுத்தம், கடைச்சாப்பாடு அசுத்தம் என்று நாங்கள் சின்னனில் இருந்து கேட்ட கதையில், கிருமி மட்டும்தான் இருந்ததா என்று எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. "அங்க ஆர் ஆர் கை படுமோ" என்று அப்பம்மா சொன்னபோது அவர் நினைத்தது கிருமியை மட்டும் இல்லை.

இன்னும் முடியாத சங்கதி ஒன்று உண்டு. கிழமையின் மூன்றாம் நாள், நகரத்துக்கு வெளியே, பேர் சொல்ல விரும்பாத ஒரு கடை. எங்களில் மூன்று பேர் பெண்கள். மற்ற மூன்று பேரும் வரப் பிந்தியதால் அவர்கள் முதலில் போய் முன்மேசையில் இருந்தார்கள். உடனே ஒரு அண்ணை வந்து, மிகவும் மரியாதையாக, "தங்கச்சியவை, உள்ளுக்க ஃபமிலி றூம் இருக்கு" என்றார். இங்கேயே இருக்கிறோம் என்றார்கள். "இல்லை, உள்ளுக்க உங்களுக்கு வசதியா இருக்கும்" என்றார். உள்ளே என்பது சமையலறைக்குப் பக்கத்தில், யன்னல் இல்லாத, விசிறி பாதி வேகத்தில் சுத்துகிற, பழைய சோடாப் பெட்டிகள் அடுக்கின ஒரு அறை. வசதி ஆருக்கு என்பது விளங்கியது. அவர்கள் எழும்பவில்லை. அவர் இன்னும் ஒருதரம் சொல்லிப்பார்த்துவிட்டுப் போய்விட்டார். தேத்தண்ணி வர இருபது நிமிசம் பிடித்தது. வந்த தேத்தண்ணி, நேர்மையாகச் சொன்னால், அந்தக் கிழமை குடித்ததிலேயே நல்லது: இஞ்சி தட்டிப்போட்டு, சாயம் கடுப்பாக, சீனி அளவாக. அடுத்த நாளும் அங்கேயே போனோம், அதே மேசைக்கு. இரண்டாம் நாள் அவர் உள் அறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இஞ்சி போடவோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்த அண்ணையைக் கெட்டவர் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் தன் பக்கத்தில் ஒரு பாதுகாப்புத்தான் செய்வதாக நினைத்திருப்பார். முன்மேசையில் இருக்கிற ஆம்பிளையள் பார்ப்பார்கள், கதைப்பார்கள், பிறகு அது பெட்டையின் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனால் பார்க்கிறவரை விட்டுவிட்டுப் பார்க்கப்படுகிறவளை உள்ளே அனுப்புகிற இந்தப் பாதுகாப்பு எங்களுக்கு வேண்டாம். ஃபமிலி றூம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அது இருக்கட்டும். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு அது தேவை. கேட்காதவர்களை அதற்குள் அனுப்ப வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஒரு பெட்டை தனியாக ஒரு தேத்தண்ணிக்கடையில் இருந்து, ஒரு பிளேன்ரீயும் வடையும் சாப்பிட்டுக்கொண்டு பேப்பர் வாசிக்கிற காட்சியை எத்தனை தரம் பார்த்திருக்கிறீர்கள்? எங்களுக்கு விரல் விட்டு எண்ணக்கூட வேலை இல்லை.

அம்மாச்சி உணவகம் எங்களுக்குப் பிடிப்பதற்கு இதுவும் காரணம். விவசாயத் திணைக்களத்தோடு சேர்ந்து பெண்கள் நடத்துகிற இடம். சிங்களப் பகுதிகளில் ஹெல போஜுன் என்று இருப்பதன் எங்கள் வடிவம். சமைக்கிறவர், பரிமாறுகிறவர் எல்லாரும் பெண்கள். தோசை உங்கள் கண்ணுக்கு முன்னால்தான் கல்லில் விழுகிறது. குரக்கன் புட்டு, உழுந்து வடை, இலைக்கஞ்சி, எள்ளுருண்டை. விலை குறைவு. திருநெல்வேலியில் கம்பஸ் பெடியள் பெட்டையள், கந்தோர் ஆட்கள், ஓட்டோ ஓடுகிறவர்கள், பள்ளிக்கூடச் சீருடையில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் நின்று தோசைக்குக் காத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பெண் தனியாக இருந்து சாப்பிடுவதை ஒருதரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எந்த அறிவித்தலும் ஒட்டாமலே அது நடந்திருக்கிறது. கல்லுக்குப் பின்னால் ஆர் நிற்கிறார் என்பது மேசையில் ஆர் இருக்கலாம் என்பதையும் மாற்றுகிறது போல. அங்கே ஒரே குறை, நேரம் பிந்திப் போனால் ஒன்றும் மிஞ்சாது. இலைக்கஞ்சிக்கு இரண்டுதரம் போய் ஏமாந்தோம்.

சனிக்கிழமை இரவு ஐந்துசந்திப் பக்கம், ஒரு முஸ்லிம் கடையில் கொத்து. கொத்துக்கடைக்குள் போகத் தேவையில்லை, சந்திக்கு வரும்போதே அந்த இரண்டு தகட்டின் தாளம் கேட்கும். கடைக்குக் கடை தாளம் வேறு. எங்கள் நண்பன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டே கடையைச் சொல்லுவான் என்று பந்தயம் கட்டித் தோற்றான். மாட்டுக் கொத்தில் எங்கள் கூட்டத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. சாப்பிடாத இரண்டு பேர் முட்டைக் கொத்துச் சாப்பிட்டார்கள், மேசை ஒன்றுதான். ஆனால் அந்தத் தெருவில் இருந்துகொண்டு சாப்பிடும்போது சும்மா ருசியை மட்டும் கதைத்துவிட்டு எழும்ப முடியவில்லை. 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலும் இருந்து அந்த மாதம் வெளியேற்றப்பட்டவர்கள் 70,000 பேருக்கு மேல் என்று கணிக்கப்படுகிறது. பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போனார்கள். எங்களில் ஒருவரும் அப்போது பிறக்கவில்லை. முஸ்லிம்கள் இல்லாத யாழ்ப்பாணத்தில்தான் எங்கள் அண்ணன்மார் வளர்ந்தார்கள். ஒரு சமூகம் போகும்போது அதன் கடைகளும் போகின்றன. கறியின் கைப்பக்குவம் போகிறது, இரவு பத்து மணிக்குத் திறந்திருக்கிற வெளிச்சம் போகிறது. இப்போது திரும்பி வந்தவர்களின் கடையில் இருந்து "யாழ்ப்பாணத்துக் கொத்து" என்று பெருமையாகப் படம் போடுகிறோம். படத்தோடு அந்தத் திகதியையும் எங்கள் வயதுக்காரர் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இனிக் காசு. கடையில் சாப்பிடுவது ஊதாரித்தனம் என்கிற பெரியவர்களோடு நாங்கள் முழுக்கச் சண்டை பிடிக்க முடியாது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதம். காஸ் வரிசையில் நின்றதும், கடைகள் விறகுக்கு மாறியதும், பாண் விலை கிழமைக்குக் கிழமை ஏறியதும் எங்கள் எல்லாருக்கும் ஞாபகம். பணவீக்கம் குறைந்தது. ஏறின விலை இறங்கவில்லை. அந்த இரண்டும் ஒன்று இல்லை என்பது எங்களுக்குப் பிளேன்ரீ விலையில்தான் விளங்கியது.

அதோடு ஓகஸ்ட் மாதம் என்று ஒன்று இருக்கிறது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிநாட்டுச் சொந்தக்காரர் வருவார்கள். அவர்களை நம்பித் திறந்த புதுக்கடைகள் இப்போது நிறைய. மஞ்சள் வெளிச்சம், மரக்கதிரை, சுவரில் பனைமரம், ஆங்கிலத்தில் மட்டும் விலைப்பட்டியல். அப்படி ஒன்றுக்கும் போனோம். நண்டுக்கறி உண்மையிலேயே நல்லாக இருந்தது, பொய் சொல்ல மாட்டோம். முருங்கை இலை போட்டு, தூள் தூக்கலாக. ஆனால் தனியார் துறையில் சட்டப்படி ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாவாகவும் நாளுக்கு 1080 ரூபாவாகவும் இருந்தது. அந்தக் கடையில் ஒரு சோறும் ஒரு ஜூசும் அந்த ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டி நின்றன. எங்களுக்கு நண்டு கொண்டுவந்து வைத்த தம்பிக்குப் பத்தொன்பது வயது இருக்கும். பில்லில் சேவைக் கட்டணம் 10 வீதம் என்று தனியாக இருந்தது. "இது உங்களுக்கு வருமோ?" என்று மெல்லக் கேட்டோம். சிரித்தான். பிறகு காசுமேசைப் பக்கம் ஒருக்காப் பார்த்துவிட்டு, தண்ணி வேணுமோ என்று கேட்டான்.

ஊதாரித்தனம் என்ற சொல்லை நாங்கள் எங்கே வைப்போம் என்றால், இங்கே. 60 ரூபாத் தோசைக்கு இல்லை. ஊர்ப்பிள்ளைகள் பரிமாற மட்டும் உள்ளே போகிற கடைகள் நகரத்தில் கூடிக்கொண்டு போவது எங்களுக்குக் கவலை. சேவைக் கட்டணம் எடுக்கிற கடைகள் அது வேலை செய்கிறவர்களுக்குள் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். விலைப்பட்டியல் தமிழிலும் இருக்க வேண்டும். இவை பெரிய புரட்சி இல்லை, ஒரு பிறின்ற் எடுக்கிற செலவுதான். நாங்களும் இனி பில் வரும்போது வெட்கப்படாமல் கேட்கப் போகிறோம். நீங்களும் கேளுங்கள்.

சின்னச் சின்னதாக இன்னும் இருக்கின்றன. கட்டித்தந்த கடலையின் பேப்பரில் பாதி மட்டும் இருந்த ஒரு மரண அறிவித்தல், அதை வைத்து அந்த மனிதரின் மிச்ச வாழ்க்கையை நாங்கள் கற்பனை செய்தது. பார்சல் சோறு எப்பவும் கோப்பைச் சோற்றைவிடக் கூட என்ற உலகறிந்த உண்மைக்கு, எங்கள் சட்டத்தால் நாங்கள் இழந்த சோறு. இடியப்பத்துக்குச் சொதி முடிந்ததும் கேட்காமலே வந்த இரண்டாம் கிண்ணம். மழைக்கு ஒதுங்கின ஒரு ஐயா எங்கள் மேசையில் இடம் கேட்டு இருந்து, முன்னொரு காலத்தில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் இதே சந்தியில் ரீ குடித்த கதையைச் சொல்லிவிட்டு, எங்கள் வடையில் ஒன்றைத் தன் கணக்கில் எழுதச் சொன்னது.

கடைசி நாள் றியோவில் ஐஸ்கிறீம் குடித்தோம். (ஓம், குடித்தோம். தமிழ்நாட்டு நண்பர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். இந்த ஊரில் ஐஸ்கிறீம் குடிக்கிறதுதான்.) ஞாயிறு பின்னேரம், குடும்பம் குடும்பமாகச் சனம். பக்கத்து மேசையில் நாலு அம்மாமார், பிள்ளையளும் இல்லை, மனுசன்மாரும் இல்லை, நாலு பெரிய கிளாஸ் ஸ்பெசல். எங்களைவிடச் சத்தமாகச் சிரித்தார்கள். வீட்டில அடுப்பு எரியுதோ எண்டு அவர்களை ஒருதரும் கேட்கவில்லை.

கணக்குப் பார்த்ததில் 1,340 ரூபா மிச்சம். பருத்தித்துறைக்குப் பஸ்சில் போய்த் தட்டைவடை வாங்குவது என்று நாலு பேர், இலைக்கஞ்சிக்கு மூன்றாம்தரம் முயற்சிப்பது என்று இரண்டு பேர். இன்னும் முடிவாகவில்லை.